செருப்புக் காவல்

அத்தையின் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். மறைக்கல்வி வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நீங்கள். இன்றைக்கு முதல் நரையைப் பிடுங்கிக்கொண்டு, மாடி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை போட்டுக் கேட்கிறீர்கள். என்ன எழுத வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். மலையில் அத்தையின் கால் வலியைப் பார்த்து, மேலே ஏற வேண்டாம் என்று அன்பாக உட்கார வைத்தேனே, அந்தக் கதையை எழுத வேண்டுமாம். படிக்கிறவர்களுக்குக் கண் கலங்க வேண்டுமாம்.

அந்தக் கதை பொய். நான் யாரையும் அன்பாக உட்கார வைக்கவில்லை. செத்தவர்களைப் பற்றிக் கெட்டது பேசக் கூடாது என்பார்கள். எங்கள் அத்தை உயிரோடு இருந்த காலத்திலும் அவரைப் பற்றி ஒருத்தரும் கெட்டது பேசியதில்லை. அப்படியானால் எப்போதுதான் பேசுவது?

கடலூர்க்காரர்களான நமக்கு மலை என்றால் என்ன தெரியும்? ஜெயில் இருக்கிற கேப்பர் மலைதான் தெரியும். அதுவும் மலை இல்லை, செம்மண் மேடு. தம் கட்டி மிதித்தால் சைக்கிளிலேயே ஏறிவிடலாம். அதனால்தான் தவக்காலத்தில் நம் கோவில்காரர்கள் வேன் பிடித்து விழுப்புரம் தாண்டிப் போய் அந்தப் பாறை மலையில் சிலுவைப்பாதை நடந்தது நமக்கெல்லாம் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. முதல் ஏற்றத்தைத் தாண்டிவிட்டால் பிறகு மலையின் முதுகின் மேலேயே நடை. இரண்டு பக்கமும் பள்ளம். நின்று ஜெபிக்கிற பதினான்கு ஸ்தலங்கள், ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பு அடித்த ஒரு கல். கல்லைத் தொட்டால் மத்தியானத்தில் தோசைக்கல் மாதிரி சுடும். முதுகின் கடைசியில், கவிழ்த்து வைத்த அண்டாவைப் போல, உச்சிப் பாறை. கடைசி மூன்று ஸ்தலங்களும் அதன் மேல்தான்.

பெரிய உச்சி ஒன்றும் இல்லை. ஆனால் ஏறுவது லேசும் இல்லை. பாதி உயரம் வரைக்கும் கால் வைக்க வெடிப்பு இருந்தது. அதற்கு மேல் பாறை வழவழவென்று தோள் மாதிரி வளைந்திருக்கும். மேலே நிற்கிறவர் கையைப் பிடித்துத் தூக்கினால்தான் உண்டு. ஏறினவர் உடனே மேலே போய்விடக் கூடாது, திரும்பி நின்று தனக்கு அடுத்தவருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் கை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கோவில் உபதேசியார் அடிவாரத்திலேயே சொல்லிவிடுவார். அந்த ஒரு பாறையில் எத்தனையோ வீட்டுச் சண்டை தீர்ந்திருக்கிறது. செருப்பை மட்டும் பாறைக்குக் கீழே ஒரு திட்டில் கழற்றி வைத்துவிட்டு ஏற வேண்டும்.

உச்சியில் ஒரு குழி. புதுச் சிலுவையை அதில் நட்டுவிட்டு, போன வருஷத்துச் சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு வருவோம். சிலுவையைச் சுமந்துபோய் நடுவது மறைக்கல்விப் பிள்ளைகளில் ஒருவர். பதினான்கு ஸ்தலத்து ஜெபங்களையும் பார்க்காமல் ஒப்பிக்கிறவருக்குத்தான் அது. நட்டவர் வீட்டுக்குப் பழைய சிலுவை போகும். வெயிலிலும் மழையிலும் வெளுத்த அந்தக் கட்டை ஒரு வருஷம் முழுக்க வாசல் நிலைக்கு மேலே தொங்கும். வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, எந்தப் பிள்ளை என்று கேட்பார்கள். அப்படி என் வீட்டில் கேட்க வேண்டும் என்பதுதான் அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை.

சுனாமி வந்துபோய் அடுத்த வருஷத்துத் தவக்காலம். நான் ஏழாவது படித்தேன். அடிபம்பில் குடம் நிரப்பும்போதும், ஸ்கூலுக்கு நடக்கும்போதும் ஜெபங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒப்பிக்கிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சொல் தவறவில்லை. எனக்கு அடுத்தபடி வந்தவள் அத்தை பொண்ணு. அவள் ஒன்பதாம் ஸ்தலத்தில் தடுமாறி அழுதுவிட்டாள். அத்தை அவளை முந்தானையால் துடைத்துவிட்டு, என் தலையிலும் கை வைத்து, நல்லா சொன்னடி என்றார். அந்தக் கை எவ்வளவு நேரம் தலையிலேயே இருந்தது என்பது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

உங்களுக்குத் தெரியும், ஆனாலும் மலர் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அண்ணாகிராமத்து முந்திரித் தோப்பில் பிறந்து வளர்ந்தவர். தோப்பில் பாதி அவருக்கு வந்தது. செம்மண்டலத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். அவர் வீட்டுக்காரர் குவைத்தில். மாதா சபைக்கு அவர்தான் தலைவி. எந்த வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய்ச் சட்டியைக் கழுவி உலை வைக்கிறவர். என் அம்மா சிதம்பரத்துக்காரர். டவுனில் வளர்ந்தவர். முந்திரியைக் கடைப் பொட்டலத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதல் முறையாக மலைக்குப் போகிற அன்று விடியற்காலையில் வேன் கிளம்பியது. எனக்கு வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை. முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குத் தைத்ததை அம்மா மடிப்புப் பிரித்து நீளமாக்கியிருந்தார். மேல்பட்டாம்பாக்கம் தாண்டும்போது ஜெபமாலை முடிந்தது. அண்ணாகிராமத்தில் அத்தையின் தோப்பு ஓரமாக வேன் நின்றது. எல்லாருக்குமான கஞ்சியை அங்கேதான் காய்ச்சி அண்டாவில் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் அண்டாவை ஏற்றுவதற்குள் நாம் தோப்புக்குள் ஓடினோம்.

சிலுவை நடும் வரைக்கும் பச்சைத் தண்ணீரைத் தவிர யாரும் எதையும் தொடக் கூடாது. சுமக்கிற பிள்ளை தொடவே கூடாது. ஆனால் முந்திரிப் பழம் சிவப்பும் மஞ்சளுமாக மரத்தடியில் கொட்டிக் கிடந்தது. அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறினால் எந்த விரதம் நிற்கும்? தின்றோம். நான் ஒன்றுதான் தின்றேன். நீங்களெல்லாம் எத்தனை தின்றீர்கள் என்று சொல்ல மாட்டேன். பழத்தைப் பிழிந்து சாற்றை அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டவர் இன்றைக்கு இந்த நினைவு மலர்க் குழுவில் இருக்கிறார். தொண்டை கரகரக்க வேனுக்கு ஓடி வந்து பின் சீட்டில் விழுந்தோம். யாரோ மடியில் கொண்டுவந்து சீட்டில் போட்ட பழத்தின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன். ஈரமாகத்தான் இருந்தது. தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. காய்ந்துவிடும் என்று நினைத்தேன்.

காய்ந்ததுதான் வினையாகிப் போனது. முந்திரிப் பழச் சாறு காயக் காயத்தான் நிறம் ஏறும்.

சிலுவை கனம்தான். புது மரத்து வாசனையும் வார்னிஷ் வாசனையும் அடித்தது. மலை முதுகில் காற்று சிலுவையைத் தள்ளத் தள்ள, காலை ஊன்றி ஊன்றி நடந்தேன். பின்னால் பாட்டு வந்துகொண்டிருந்தது. தோள் எலும்பு எரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை. பதினோராம் ஸ்தலம் முடிந்து, பாறைக்குக் கீழே செருப்பைக் கழற்றக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தது.

"என்னாடி இது?" என்றார் அத்தை. பாவாடையைத் திருப்பிக் காட்டினார். துருப்பிடித்த மாதிரி பழுப்புக் கறை.

"பழக் கறை அத்தை."

"என்னா பழம்? விரதத்துல எங்க போயி பழம் தின்ன?"

நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். வரிசையாக நின்றீர்கள். ஆமாம் என்று சொன்னால் விரதத்தை முறித்தவள் என்று சிலுவை போய்விடும், உங்கள் எல்லாருக்கும் அடியும் விழும். நீங்கள் ஒருத்தராவது வாயைத் திறப்பீர்கள் என்று பார்த்தேன். எல்லாரும் பாறையைப் பார்த்தீர்கள். தோப்பு மண்ணில் திரிந்தவர்கள்தானே, அந்தக் கறை உங்களுக்குத் தெரியாதா?

"பழமும் இல்ல ஒண்ணும் இல்ல. பெரிய மனுஷி ஆயிட்ட. வாய மூடிக்கினு உக்காரு" என்று அத்தை தன் தோள் துண்டை என் இடுப்பில் சுற்றிக் கட்டினார். அதே கையோடு சிலுவையை எடுத்துத் தன் மகளிடம் கொடுத்தார். வயதுக்கு வந்த பெண் அன்றைக்குச் சிலுவையைத் தொடக் கூடாது என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. நம் பெண்களுக்கு வேதம் ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம். செய்தி வரிசையில் காதோடு காதாகப் போனது. அம்மா ஓடி வந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். இல்லம்மா, பழம்தாம்மா என்று நான் சொல்லச் சொல்ல, வெட்கப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் கட்டிக்கொண்டார்.

பிறகு எல்லாரும் கை மாற்றிக் கை மாற்றி ஏறினீர்கள். அத்தை கடைசியாக ஏறும்போது திரும்பிச் சொன்னார். "சும்மா உக்காராத. செருப்பப் பாத்துக்க. கொரங்கு ஜாஸ்தி, தூக்கிக்கினு போயிடும்."

செருப்பு எவ்வளவு நாறும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெயிலில் ரப்பர் கொதித்து, கால் வேர்வையோடு சேர்ந்து ஒரு வாடை. பூப்போட்ட செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பு, உபதேசியாரின் டயர் செருப்பு. ஊரே காலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது. மேலிருந்து பாட்டு கேட்டது. முழங்கால் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு சிலுவையைக் குழியில் இறக்கி அடிக்கிற சத்தம். என் கையால் எழ வேண்டிய சத்தம் அது. நான் எழுந்து, அத்தையின் செருப்பில் ஒன்றை எடுத்துப் பள்ளத்தில் எறிந்தேன். பாறையில் பட்டுப் பட்டுப் போய் ஒரு கள்ளிப் புதருக்குள் விழுந்தது.

இறங்கி வந்ததும், குரங்கு எடுத்துப்போய்விட்டது என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, இந்தப் புள்ளைக்கி இன்னைக்கிப் புத்தி ஒரு நெலையில இல்ல என்று சிரித்தார். அம்மா உடனே தன் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்துவிட்டார். நாத்தனார் ஆயிற்றே. அடிவாரம் வரைக்கும் அம்மா சுடுபாறையில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்தார். நான் எடுத்த முதல் பழி என் அம்மாவின் காலைத்தான் பொசுக்கியது.

பழைய சிலுவை அத்தை வீட்டு வாசலில் தொங்கியது. அதைத் தாண்டித்தான் நான் ஸ்கூலுக்குப் போக வேண்டும். தெரு மாறிப் போனேன்.

தவக்காலம் போய்ப் பாஸ்கா முடிந்ததும் எனக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். சிதம்பரத்து மாமா, அம்மாவுக்கு அண்ணன், ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். பட்டுப்புடவை, வளையல், தட்டுத் தட்டாகப் பழம். எல்லாரும் ஆசையாகச் சாப்பிட வேண்டுமென்று சிதம்பரத்துக் கொத்சு செய்ய ஒரு சமையல்காரரையும் கூட்டி வந்தார். நடந்து வரும்போது அவருக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்திருந்தது. எங்கள் வாசல் மரத்தடியில் முதல் சந்தனம் பூசினது அத்தை. போட்டோக்காரர் சிரி சிரி என்று கெஞ்சினார். அந்த ஆல்பத்தில் நான் ஒரு படத்தில்கூடச் சிரிக்கவில்லை. வழக்கப்படி, மலையில் உடுத்தியிருந்ததைத் துணி வெளுக்கிற அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். என் வெள்ளைப் பாவாடை போனது அப்படித்தான். கறையோடு சேர்ந்து சாட்சியும் போனது.

அதுவரைக்கும் நான் அத்தையை முட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பாகப் பார்த்துவிட்டார், அவசரக்காரி, அவ்வளவுதான். கோபம் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு அளவு இருந்தது. மறுவருஷம் முந்திரி சீசனில் அப்பா என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனார். பக்கத்துத் தோப்புக்காரரின் சின்னப் பெண் பழத்தைத் தின்றுவிட்டுக் கையைக் கவுனில் துடைக்கப் போனது. கொட்டை திருகிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்.

"கவுன்ல தொடைக்காத பாப்பா. மொதல்ல தண்ணி மாரி இருக்கும். காஞ்சா ரத்தம் மாரி நிக்கும், எந்தச் சோப்புக்கும் போவாது."

சொல்லி முடித்த பிறகுதான் நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரிந்தது. பதறவில்லை. கையை வாளியில் அலசிக்கொண்டே, வந்து சோறு தின்னு என்றார்.

அந்த இடத்தில்தான் என் கோபத்துக்கு இருந்த அளவு போனது. முந்திரித் தோப்பில் பிறந்தவருக்கு முந்திரிக் கறை தெரியாமல் போகுமா? பார்த்த உடனே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் துண்டைக் கட்டினார். தெரிந்துதான் சந்தனம் பூசினார்.

அந்த மழைக்காலத்தில், உண்மையாகவே நான் பெரிய மனுஷியானேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா முதலில் விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் அழுதபடி கட்டிக்கொண்டதும், சுடுபாறையில் நடந்ததும், ஆல்பமும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போனதைப் பார்த்தேன். அத்தைக்குத் தெரியும்மா, வேண்டுமென்றே செய்தார் என்றேன். இருக்காது, அவர் அப்படிச் செய்ய மாட்டார் என்றார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னார்.

"அப்பாகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. எங்க அண்ணன் ஊரக் கூட்டிச் சீர் செஞ்சாரு. இப்பப் போயி அது இல்லன்னா அவரு மானம் என்னாவுறது?"

ஆக, ஒருத்தர் சொன்ன பொய்யை நானும் அம்மாவும் சேர்ந்து காப்பாற்றினோம். கோவிலில் கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லும்போது, பிறர் குற்றத்தை மன்னிப்பது பற்றிய வரி வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். அத்தை எனக்கு முன் வரிசையில்தான் இருப்பார். அவர் கொண்டையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சாமியிடம் என்ன கேட்பேன் என்றால், அவர் தலையில் பேன் விழ வேண்டும், அவர் வைக்கிற ரசம் புளிக்க வேண்டும், அவர் ஏதாவது ஒன்றுக்கு ஆசைப்பட்டு அது கையெட்டும் தூரத்தில் நழுவிப் போக வேண்டும். மூன்றாவதை மட்டும் சாமி கேட்டார்.

மலைக்கு நான் பிறகு போகவில்லை. பரீட்சை, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லிவிடுவேன். அத்தை பொண்ணும் போகவில்லை என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது அவளே சொன்னாள். அன்றைக்கு உச்சியில் பள்ளத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றிவிட்டதாம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாளாம். சிலுவையை நட்டது உபதேசியார். எனக்கு அது வேணும்னு நான் கேக்கவே இல்லடி என்றாள். என்னிடமிருந்து பிடுங்கி, வேண்டாதவள் கையில் திணித்திருக்கிறார். அதைக் கேட்டு அவள் மேல் இருந்த கோபம் போனது. அத்தை மேல் இருந்ததோடு அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ‘தானே’ புயல் அடித்தது. உங்கள் எல்லார் வீட்டு ஓடும் கூரையும் போன கதை உங்களுக்குத் தெரியும். அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அத்தையின் தோப்பில் நின்ற மரம் கையால் எண்ணக்கூடியதாக இருந்தது. அவர் தோப்பு நடுவில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார் என்று அப்பா வந்து சொல்லி அழுதார். அந்தத் தவக்காலத்தில் உச்சிப் பாறை ஏறிச் சிலுவையைத் தொட்டுக் கும்பிடுவதாக அத்தை வேண்டிக்கொண்டார். தொட்டுவிட்டு வந்துதான் புதுக் கன்று வைப்பது என்று சொல்லிவிட்டார். அப்பா குடும்பத்தோடு மலைக்குப் போக வேண்டும் என்றார். நான் அப்போது சிதம்பரத்தில் காலேஜ் முதல் வருஷம். வருகிறேன் என்று உடனே சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்த வருஷம் மலை முதுகில் நான் அத்தைக்கு நாலடி முன்னால் நடந்தேன். வேகமாகவும் போகவில்லை, பின்தங்கவும் இல்லை. அவருக்கு முட்டி வீங்கியிருந்தது. ஒவ்வொரு ஸ்தலத்திலும் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். எல்லாரும் எங்களைத் தாண்டிப் போகட்டும் என்று நான் மெதுவாகவே நடந்தேன். செருப்புத் திட்டுக்கு வந்தபோது எனக்கு முன்னால் ஏறினவர் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு மேலே போனார். என் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பாறையின் தோளில் நின்றேன். வழக்கப்படி திரும்பினேன். எனக்கு அடுத்து அத்தை மட்டும்தான். வெடிப்பில் இரண்டு காலையும் ஊன்றி, பாறையில் மார்பை அழுத்தி, கையை நீட்டினார். நானும் குனிந்து கையை நீட்டினேன். விரலுக்கும் விரலுக்கும் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினேன்.

"அந்தக் கறை என்னான்னு உங்களுக்குத் தெரியும்தானே அத்தை?"

எந்தக் கறை என்று அவர் கேட்கவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"பாத்ததும் தெரிஞ்சிது. எம் பொண்ணு பயந்தவ, அப்பனும் கூட இல்லாம வளர்றா. ஒரு நாளாவது நாலு பேரு அவளப் பாக்கட்டும்னு இருந்திச்சி. நீ எப்பிடியும் பொழச்சிக்குவ. கையக் குடு."

அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. நான் பிழைத்துக்கொள்வேனாம். பிழைத்துக்கொள்கிற பிள்ளையிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் போல.

"அப்ப நீங்களும் பொழச்சிக்குவீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு நான் நிமிர்ந்தேன். "செருப்பப் பாத்துக்கிங்க. கொரங்கு ஜாஸ்தி."

திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். அவர் ஒரு குரல் கொடுத்திருந்தால் மேலிருந்து பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள். அவர் கூப்பிடவில்லை. உச்சி எங்கள் வீட்டுக் கூடத்தைவிடச் சின்னதாக இருந்தது. காற்று காதை அடைத்தது. கீழே அறுத்த வயல், ஒரு ஏரி, தூரத்தில் ரயில் ஊர்ந்தது. எனக்குப் பயமே வரவில்லை. சிலுவையைத் தொட்டு, குழி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பழிவாங்கினால் மனசு கசக்கும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். கசக்கவில்லை. தோப்பில் தின்ற பழத்தைப் போலவே இனித்து, கடைசியில் தொண்டையில் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கதை என்று வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இறங்கி வந்தபோது அத்தை செருப்புகளின் நடுவில், முன்பு நான் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாச் செருப்பையும் ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தார். ஃபாதர் பதறிப்போய், ஏம்மா ஏறவில்லை, வேண்டுதல் ஆயிற்றே என்று கேட்டார். அத்தை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

"எங்க தம்பி பொண்ணு என் முட்டியப் பாத்துட்டு, வேணாம் அத்தை, நீங்க கீழயே இருங்க, உங்களுக்கும் சேத்து நான் தொட்டுட்டு வர்றேன்னிச்சி ஃபாதர். தங்கமான பொண்ணு."

அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. நீங்கள் என் முதுகில் தட்டினீர்கள். ஃபாதர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரசங்கத்தில் சொன்னார். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. என் செருப்பை எடுத்து, நான் கால் நுழைக்க வசதியாகத் திருப்பி வைத்தார். இல்லை என்று கத்த எனக்கு வாய் வரை வந்தது. கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் கறையைச் சொல்ல வேண்டும். கறையைச் சொன்னால் அம்மா மறைத்ததைச் சொல்ல வேண்டும், சிதம்பரத்து மாமாவின் சீரைச் சொல்ல வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் அவர் சொன்னார். அதே இடத்தில், இரண்டாவது முறையாக, என் வாயை மூடினார்.

அந்த மழைக்காலத்தில் அத்தை புதுக் கன்று வைத்தார். நான் அவர் சார்பில் தொட்டதால் வேண்டுதல் நிறைவேறிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டார். நான் தொட்டேன்தான், ஆனால் அவருக்காக இல்லை. கன்று மரமானது. கல்யாணமாகிப் போன பிறகும் வருஷா வருஷம் என் வீட்டுக்கு ஒரு பை முந்திரி வந்தது. நான் ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை.

இப்போது சிதம்பரத்து மாமா இல்லை, அப்பா இல்லை, அத்தையும் போய்விட்டார். நேற்று அம்மாவிடம், மலருக்கு எழுதக் கேட்கிறார்கள், எல்லாவற்றையும் எழுதிவிடவா என்று கேட்டேன். என் காலு சுட்டதையும் எழுது என்றார் அம்மா.

எழுதிவிட்டேன். அது முந்திரிப் பழக் கறை. உங்களில் தின்ற ஒவ்வொருத்தருக்கும் அது தெரியும். அத்தைக்கு நான் வேண்டுமென்றேதான் கை கொடுக்கவில்லை, இன்றைக்கு அதே பாறையில் நின்றாலும் கொடுக்க மாட்டேன். அவர் படத்துக்குக் கீழே என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். என் பெயருக்குப் பக்கத்தில் தங்கமான பொண்ணு என்று மட்டும் அச்சடிக்காதீர்கள்.